நாலு நொடிக் குலவை

அண்ணன் ஜமீலின் கல்யாணத்தன்று, பெண்ணுக்குக் கருகமணி கட்டும் நேரம், பெண்கள் எல்லோரும் ஒரே அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சுமையா மட்டும் போகவில்லை. கூட்டம் என்றால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். கீழே குலவை எழுந்தது. அறைக்குள் நின்றவர்களைவிட அவளுக்குத்தான் அது நன்றாகக் கேட்டிருக்கும். படிக்கட்டு அந்த ஒலியை அப்படியே வாங்கி மேலே அனுப்பியது.

அந்தப் பதிவு வெகுநாள் கைப்பேசியில் சும்மா கிடந்தது. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, காரைக்குடி வீட்டில் அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த காலத்தில்தான் சுமையா மடிக்கணினியில் தாளம் செய்யப் பழகினாள். முன்பெல்லாம் ஒரு பாட்டு செய்ய வேண்டுமென்றால் ஒரு கூட்டமே ஒரு கூடத்தில் உட்கார்ந்து, ஒருவர் கையசைக்க, எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் தாளம் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. இப்போது அந்தக் கூட்டம் தேவையில்லை. எங்கேயோ எழுந்த ஒரு சத்தத்தைத் துண்டாக வெட்டி எடுத்து, சுருதியை ஏற்றி இறக்கி, திரும்பத் திரும்ப வரவைத்தால் அதுவே வாத்தியம். சாம்பிள் என்று அதற்குப் பெயர். இதில் சுமையாவுக்கு மிகவும் பிடித்த விஷயம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது.

அவள் செய்ததிலேயே நன்றாக வந்தது ஒன்றுதான். புதுவயலில் ரைஸ் மில் சல்லடை ஆடுகிற சத்தம் அதில் தாளம். லாரியின் பின்கதவு அறைந்து சாத்தப்படுவது அடி. அவற்றின் மேல் அந்தக் குலவையிலிருந்து வெட்டிய நாலு நொடித் துண்டு சுற்றிச் சுற்றி வந்தது. சொந்தப் பெயரைப் போடாமல் அதை இணையத்தில் ஏற்றினாள். அதிகம் பேர் கேட்கவில்லை. கேட்ட சிலரில் ஒருவன் சேதுபதி.

சேதுபதி சென்னையில் ஓர் இசையமைப்பாளரிடம், பாட்டுக்குக் கணினியில் தாளமும் ஒலியும் கோர்க்கிற புரோகிராமராக இருந்தான். இரண்டு வாரம் எழுத்திலேயே "ப்ரோ, ப்ரோ" என்று பேசிவிட்டு, முதல்முறை ஃபோனில் அவள் குரலைக் கேட்டதும் மன்னிப்புக் கேட்டான். அதன் பிறகும் ப்ரோ என்றுதான் கூப்பிட்டான். ஒரு படத்தில் கல்யாணப் பாட்டு இருப்பதாகவும், அதன் தொடக்கத்துக்கு அவள் செய்ததை அப்படியே எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், புரோகிராமிங் என்ற இடத்தில் அவள் பெயர் வரும் என்றும் சொன்னான். சொந்தப் பெயர். சுமையா அதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

ஒரே ஒரு விஷயம் என்றான். குலவை யாருடையது? போன படத்தில் திருவிழாவில் எடுத்த ஒரு குரலை அனுமதி கேட்காமல் போட்டு, அந்த அம்மா நேரில் வந்து நின்று, பெரிய தலைவலியாகிவிட்டது. அதனால் குரலுக்குச் சொந்தக்காரர் கேமராவைப் பார்த்து, இது என் குரல்தான், போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிற ஒரு வீடியோ வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற குலவை ஒன்று இருக்கிறது, அதை வைத்துவிடுவார்கள்.

"அது எங்க மாமி குரல்தான். வாங்கிடலாம்" என்றாள் சுமையா.

மறுநாளே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு புதுவயலுக்குப் பஸ் ஏறினாள்.

பல்கீஸ் மாமி, சுமையாவைப் பெற்ற அத்தாவின் தங்கை. மாமா ஜெகபர் சாதிக் மலேசியாவில் உணவுக்கடையில் இருக்கிறார். ஒரே மகள் சுஹானாவைத் தொண்டியில் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் மாமி மட்டும்தான். தனியாக இருப்பதாலோ என்னவோ, யார் வந்தாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசுவாள். சுமையா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "சினிமாவுலயா? எங் கொரலா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். முக்காட்டுக்கு மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"என்னடி இது, மில்லுல ஓடுது" என்று ஊருக்கே சொன்னாள்.

பிறகு குலவை வந்தது. மாமி சிரித்தாள். உதடு மூடியிருந்தாலும் வாய்க்குள் நாக்கு ஆடுவது கன்னத்தில் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் சிரிப்பு நின்றது. மூன்றாவது சுற்றில் ஒரு விரலைத் தூக்கினாள்.

"இந்தா, இந்த எடம். இங்க நான் மூச்சு எடுத்தேன்."

"மூச்சு எடுத்த மாதிரியே தெரியலையே மாமி."

"எப்புடித் தெரியும்? அவதான் புடிச்சுக்கிட்டாளே."

சுமையாவுக்குப் புரியவில்லை. மாமி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள். ஒரு மூச்சில் எவ்வளவு நேரம்தான் குலவை போட முடியும்? அதனால் நல்லாப் போடுகிறவர்கள் இரண்டு பேராகத்தான் நிற்பார்கள். ஒருத்திக்கு மூச்சு தீரப்போகும்போது மற்றவள் உள்ளே வந்துவிட வேண்டும். அவள் இறங்குவதற்கு முன் இவள் ஏற வேண்டும். ஆள் மாறியது கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அது குலவை இல்லை, கூச்சல்.

அந்த இடத்தை சுமையா மடிக்கணினித் திரையில் பார்த்திருக்கிறாள். ஒலி அலையின் நடுவில் சுருதி ஒரு நூல் இறங்கி ஏறும். கைப்பேசி மைக்கின் கோளாறு என்று நினைத்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அந்தப் பள்ளத்தை நிரவினாள். சரியாக வந்ததும் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். அது ஒருத்தி முடித்து இன்னொருத்தி தொடங்கிய இடம்.

"அவங்க யாரு மாமி?"

மாமி பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அங்கே இருந்தது முத்துமாரி வீடு.

முத்துமாரியின் புருஷன் இராமநாதன் தச்சர். வீட்டு வேலை குறைந்த பிறகு லாரிகளுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் ஒரு கல், இந்தப் பக்கம் ஒரு கல் போட்டு ஏறி நின்று பேசிக்கொண்டே காலம் தள்ளியவர்கள். சுற்று வட்டாரத்தில் எந்த விசேஷமாக இருந்தாலும், எந்தச் சாதி சனமாக இருந்தாலும், குலவைக்கு இவர்கள் இரண்டு பேரையும்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். இது சுமையாவுக்குத் தெரியும். அவர்கள் இப்போது பேசிக்கொள்வதில்லை என்பதும் தெரியும். ஏன் என்று மட்டும் தெரியாது. வாய்க்காலோ குப்பையோ, ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

மாமி இப்போது சொன்னாள். ஜமீலின் கல்யாணத்துக்குப் பிறகு, சுஹானாவின் நிக்காஹ் அன்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் குலவையெல்லாம் பிடிக்காது என்று முந்தின இரவுதான் மாமிக்குத் தகவல் வந்தது. வேலை நெருக்கடியில் அதை முத்துமாரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்தே மறந்துபோனாள். கருகமணி கட்டும்போது முத்துமாரி வழக்கம்போல் முதலில் எடுத்தாள். எடுத்துவிட்டு, மூச்சு தீரும் நேரத்தில் மாமியைத் திரும்பிப் பார்த்தாள். மாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை பெண்கள் நடுவில் முத்துமாரியின் குரல் ஒற்றையாய் நின்று, இழுத்து, அறுந்துபோனது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி சிரித்தாள். முத்துமாரி விருந்து முடியும்வரை இருந்தாள், சாப்பிட்டாள், சொல்லிக்கொண்டுதான் போனாள். மறுநாள் சுவரோரம் கிடந்த அவள் பக்கத்துக் கல்லைக் காணவில்லை.

"சொல்லியிருக்கலாமே மாமி."

"எப்ப சொல்ல? கலியாணத்தப்பவா? அதுக்கு அப்புறம் சொல்லி என்ன?" மாமி முக்காட்டைச் சரிசெய்தாள். "அத விடு. அவளைத் தூக்கிட்டு என்னைய மட்டும் வையி. அதான் கம்ப்யூட்டரு இருக்குல்ல."

அது கஷ்டமில்லை. சுமையா மாமியின் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து செய்தாள். முத்துமாரி வருகிற பகுதியை வெட்டினாள். அந்த இடத்தில் மாமியின் முதல் பாதியையே நகல் எடுத்து ஒட்டினாள். சேரும் இடத்தைத் தேய்த்து மழுப்பினாள். மாமி தேநீர் போட்டுக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. எந்த ஒலிப் பொறியாளர் கேட்டாலும் குறை சொல்ல முடியாது.

மாமி கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். தேநீரில் ஆடை படிந்தது.

"இவ மூச்சே விடலையே."

"அது உங்க குரல்தான் மாமி. முன்னாடி இருந்ததையே எடுத்துப் பின்னாடியும் வச்சிருக்கேன்."

"கொரலு என்னோடதுதான். ஆனா இது நான் இல்ல." ஹெட்போனைக் கழற்றினாள். "மூச்சு விடாம இருக்கிறது குழிக்குப் போற மையத்துதான். என்னைய அப்புடியா சினிமாவுல போடப்போற?"

கேட்கிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாது என்று சுமையா சொல்லிப் பார்த்தாள். தனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும் என்று மாமி சுவரைக் காட்டினாள். முதலில் இருந்த மாதிரியே இருந்தால் சரி. ஆனால் அதற்கு அவளைக் கேட்க வேண்டும். அவள் சரி என்றால் தானும் கேமரா முன்னால் சொல்வாள்.

"நீங்களே கேக்கலாமே மாமி."

மாமி அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

பக்கத்து வீட்டுக்குப் போக இருபது அடிகூட இருக்காது. சுமையா வாசலில் செருப்பைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். தெரிந்தவர்களிடம் பேசுவதே அவளுக்குச் சிரமம். ஒருவரிடம் போய் அவர்கள் பட்ட அவமானத்தைக் கிளறி அனுமதி கேட்பது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஆனால் படத்தின் முடிவில் வெள்ளை எழுத்தில் ஏறிப்போகிற தன் பெயரை அவள் அதற்குள் பல தடவை பார்த்துவிட்டிருந்தாள்.

முத்துமாரி உள்வாசலில் உட்கார்ந்து, தையல்கடையிலிருந்து வந்த ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். "வா தாயி. ஏன் படியிலயே நிக்கிற?" என்றாள். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. சுமையா தரையில் உட்கார்ந்து, தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களைப் பாதி விழுங்கிப் பாதி சொல்லி, ஹெட்போனை நீட்டினாள்.

முத்துமாரி சிரிக்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஜமீலு கலியாணத்துலயா எடுத்த?"

"ஆமா பெரியம்மா."

"நீ மாடிப்படியில ஒக்காந்திருந்த. பாத்தேன்." மறுபடி கேட்டாள். "அவ அனுப்புனாளா?"

பொய் சொல்ல சுமையாவுக்கு வரவில்லை. "நீங்க சரின்னா அவங்களும் சரியாம்."

"அவளுக்கு இப்பவும் நான்தான் மொதல்ல போடணும்" என்றாள் முத்துமாரி.

பட்டறைப் பக்கமிருந்து இரும்பு அறுக்கும் சத்தம் வந்தது. முத்துமாரி ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு, இது எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டாள்.

"எம்புட்டு நேரம் வேணும்னாலும் ஓடும் பெரியம்மா. சுத்திச் சுத்தி வரும். நீங்க விடுற எடத்துல அவங்க புடிச்சுக்குவாங்க."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

முத்துமாரி ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரை அழகாகச் சுற்றி, சுமையாவின் மடியில் வைத்தாள். ஜாக்கெட்டை எடுத்து விட்ட இடத்தைத் தேடினாள்.

"நெசத்துல விட்டுட்டா. பாட்டுல புடிச்சு என்ன?" நூலைப் பல்லால் கடித்தாள். "ஓம் மேல கோவமில்ல தாயி. எங் கொரலு அதுல வேணாம். அம்புட்டுதான்."

புறப்படும்போது சீப்பிலிருந்து இரண்டு வாழைப்பழம் பிய்த்துக் கொடுத்தாள். சுமையா மாமி வீட்டுக்குத் திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னாள். மாமி கேட்டுக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சுமையா தன் அறையில் உட்கார்ந்து, இருக்கிற வழிகளை எண்ணிப் பார்த்தாள். மாமியை மட்டும் வைத்துச் செய்தது அப்படியே இருந்தது. அது என் குரல்தான் என்று சுமையாவே கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கேமராவைத் திறந்தாள். திரையில் அவள் முகமே வந்து நின்றது. மூடிவிட்டாள். அது நேர்மையா, வெறும் கூச்சமா என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

பிறகு குலவையை முழுக்க எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டு, வெறும் சல்லடைச் சத்தத்தோடு சேதுபதிக்கு அனுப்பினாள். அவன் உடனே கூப்பிட்டான். டைரக்டர் குலவையோடு கேட்டுவிட்டார், இப்போது அந்த இடத்தில் சும்மா விட்டால் கரன்ட் போன மாதிரி இருக்கிறது என்றான். பேசிக்கொண்டிருக்கும்போதே, காசுக்கு வாங்கிய குலவையைப் பொருத்தி அனுப்பினான்.

சுமையா அதைக் கேட்டாள். எங்கேயோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், எதிரொலி இல்லாமல், மைக்குக்குப் பக்கத்தில் நின்று யாரோ ஒருத்தி போட்டது. அந்த ஒருத்தியையே நகல் எடுத்து இருபது பேராக்கியிருந்தார்கள். சுருதி ஒரு நூல்கூட விலகவில்லை. தாளத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. சொல்லப்போனால், அவளுடையதைவிடச் சுத்தமாகவே இருந்தது.

"என்ன ப்ரோ, ஓகேவா? இல்லேன்னா மொத்தமா வேற ஆள்கிட்ட போயிடும்" என்றான் சேதுபதி.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். மாமியின் மீதும் முத்துமாரியின் மீதும் கோபம் வந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து நாலே நாலு நொடி. அதைத் தர மனமில்லை. பிறகு அந்தக் கோபம் நியாயமில்லை என்று பட்டது. அவர்கள் போட்ட குலவையை அவள் கேட்காமல் எடுத்தாள், கேட்டபோது அவர்கள் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பள்ளிவாசலில் ஜும்ஆ பாங்கு சொல்லி முடித்ததும் கைப்பேசியை எடுத்தாள். இல்லை என்று எழுதி அழித்தாள். சரி என்று எழுதி அனுப்பினாள்.

பாட்டு வெளியானது. புரோகிராமிங் பெயர்களில் மூன்றாவதாக அவள் பெயர் இருந்தது. அவளுடைய அம்மா அதை நிறுத்திப் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். தை பிறந்ததும் எந்த மண்டபத்தைக் கடந்தாலும் அந்தப் பாட்டுத்தான். பிள்ளையார்பட்டி போகிற வேன்களில்கூட ஓடியது. சல்லடைச் சத்தம் வரும்போது சுமையா காதைத் தீட்டிக்கொள்வாள். குலவை வரும்போது வேறு எதையாவது பார்ப்பாள். சேதுபதி அடுத்த வேலை ஒன்று கொடுத்தான். அவள் செய்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் மாமி ஃபோன் செய்தாள். அவள் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. புதுவயலில் தெருக்கோடியில் யாருக்கோ கல்யாணம், காலையிலிருந்து உன் பாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள் என்றாள்.

"அது யாருடி, அதுல போடுறவ?"

"தெரியாது மாமி. காசு குடுத்து வாங்குன குரல்."

மாமி அதைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. தான் கொல்லைப்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குலவை வந்தது.

"செவுத்துக்கு அங்குட்டுருந்து அவ சொல்றா, 'எவ இவ, மூச்சு விடாமக் கத்துறா'ன்னு."

சுமையா செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினாள். "உங்ககிட்டயா சொன்னாங்க?"

"வேற யாருகிட்ட சொல்லுவா? இராமநாதன் அண்ணன் பட்டறையில இருக்காக. வீட்டுல அவ மட்டும்தான்."

"நீங்க என்ன சொன்னீக?"

"நானும் அதான் பாத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பாட்டு முடிஞ்சு போச்சு. துணிய எடுத்துக்கிட்டு உள்ள வந்துட்டேன்." ஒலிபெருக்கியில் வேறு ஏதோ பாட்டு தொடங்கியது. "நாளைக்கும் போடுவாக. ரெண்டு நாள் கலியாணம்."